அம்மாவுக்கு முழு மதிப்பெண்

அந்தப் பள்ளியில் ஒரு குழந்தையைச் சேர்ப்பதென்றால் முதலில் அதன் நாக்கைச் சேர்க்க வேண்டும். மற்ற உறுப்புகள் பின்னால் வந்தால் போதும். சேர்க்கை நாளில் பிள்ளைகள் வரிசையாக நின்று நாக்கை நீட்டுவார்கள். உச்சரிப்பு ஆசிரியை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இது தடித்த நாக்கு, இது சோம்பேறி நாக்கு, இது வீட்டில் அதிகம் பேசிக் கெட்டுப்போன நாக்கு என்று சொல்லிக்கொண்டே போவார். அப்புறம் வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து 'பேப்பர்' என்று சொல்லச் சொல்வார். காகிதம் படபடத்தால் குழந்தைக்கு எதிர்காலம் உண்டு. அசையாமல் தொங்கினால் பெற்றோரைத் தனியே கூப்பிட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பேசுகிற மாதிரித் தணிந்த குரலில் விஷயத்தைச் சொல்வார்கள்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் மகள் சொன்னபோது காகிதம் ஆசிரியையின் விரலை விட்டே பறந்துபோனது. ஆளைப் பார்த்தால் ஒரு பிடிதான். அதனால்தான் அவள் அம்மா அவளைக் கடுகு என்று கூப்பிட்டாள். சிறுத்தாலும் காரத்துக்குக் குறைவில்லை. அன்று தாழ்வாரத்தில் நின்ற அம்மா, "பார்த்துக்கிட்டே இருங்க, எம் பொண்ணு பேசியே இந்தக் கட்டடத்த இடிச்சிருவா" என்று புருஷனிடம் சொல்லிச் சிரித்த சிரிப்பில், உள்ளே நீட்டியிருந்த நாக்குகள் எல்லாம் திடுக்கிட்டு வாய்க்குள் போயின.

பள்ளியின் பெருமை வகுப்பறையில் இல்லை, வீடுகளில் இருந்தது. பகலெல்லாம் ஆங்கிலம் பேசிய பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் பாஷையில் தண்ணீர் கேட்டால், செய்த வேலை முழுக்க விழலுக்கு இறைத்த நீர் என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது. ஆகவே தினமும் காலையில், குடும்பம் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, பள்ளியிலிருந்து போன் வரும். ஏழாம் பாடத்தில் உள்ள 'மேசையருகே ஒரு குடும்பம்' என்ற உரையாடலை அப்பா, அம்மா, குழந்தை மூவரும் அவரவர் பாகமாகப் பேசிக்காட்ட வேண்டும். நன்றாகத் தூங்கினாயா கண்ணே என்று அம்மா ஆங்கிலத்தில் கேட்பாள். "எஸ், மதர்" என்று குழந்தை சொல்லும். பாலைச் சூடு ஆறுமுன் குடி என்பாள். "எஸ், மதர்." இன்று வானம் தெளிவாக இருக்கிறது என்று அப்பா சொல்வார். இருந்தாலும் குடையை எடுத்துக்கொள் என்பாள் அம்மா. அதற்கும் ஓர் "எஸ், மதர்." அப்பாவுக்கு அந்த வானத்தைத் தவிர வேறு வசனமே கிடையாது. புத்தகம் எழுதியவருக்குக் குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

மறுமுனையில் கேட்பவர் வீட்டு ஆங்கில மேற்பார்வையாளர். அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. பெற்றோர் தங்களுக்குள் அவரைக் 'காது' என்று சொல்லிக்கொள்வார்கள். அவர் வணக்கம் சொல்வதில்லை, நலம் விசாரிப்பதில்லை. "தொடங்கலாம்" என்பார். முடிந்ததும் "ஃபாதர் மூன்று, மதர் இரண்டு, சைல்ட் பத்து" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மூன்றையும் கூட்டிப் பார்த்து, குறைந்தால் பிள்ளையைக் கீழ் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

கீழ் வகுப்பு என்றால் நிஜமாகவே கீழே. தரைக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே ஒரு பருவம் முழுக்க ஒரே ஓர் ஒலியைக் கண்ணாடி பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மேலே வகுப்பு அமைதியாக இருக்கும்போது, பிள்ளைகளின் செருப்புக்கு அடியிலிருந்து அந்த ஒலி மெதுவாக ஏறி வரும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கடுகு மட்டும் முதல் நாளே, "மிஸ், கீழ யார் அழுறாங்க?" என்று கேட்டாள். "அழவில்லை, பயிற்சி" என்றார் ஆசிரியை.

அம்மா உயிரோடு இருந்த காலத்தில் அவளுக்கு இரண்டுக்கு மேல் விழுந்ததே இல்லை. உரையாடலின் நடுவில் அடுப்பு ஞாபகம் வந்துவிடும். "ஒரு நிமிஷம் சார், பால் பொங்குது" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடுவாள். திரும்பி வந்து விட்ட இடம் தெரியாமல் புருஷனின் வசனத்தைச் சேர்த்துப் பேசுவாள். வானம் தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னலை எட்டிப் பார்த்து, "எங்க தெளிவா இருக்கு, இருட்டிக்கிட்டுல்ல வருது" என்பாள். கடுகு விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் அம்மாவுக்குத்தான் மதிப்பெண் குறையும். எப்படியோ கடுகின் பத்தை வைத்துக் குடும்பம் ஒப்பேறிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். அதிலேயே அவள் போய்விட்டாள். மெக்கானிக் சாவு என்ற வார்த்தையை மகளிடம் சொல்லவே இல்லை. "அம்மா இல்லம்மா" என்றார், அவ்வளவுதான். கடுகும் திருப்பிக் கேட்கவில்லை. வந்த உறவுக்காரர்கள் போனபின், இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"தொடங்கலாம்."

"சார், இன்னைக்கு வேண்டாம் சார்" என்றார் மெக்கானிக்.

"ஃபாதர் பூஜ்யம், மதர் பூஜ்யம், சைல்ட் பூஜ்யம்" என்றது காது.

அவர் வேலைக்குப் போகாமல் நேரே பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியையின் அறையில் நாற்காலி பெற்றோருக்கு இல்லை, ஆகவே நின்றார். அந்தப் பள்ளியில் பெற்றோருக்குப் பெயரும் கிடையாது. பாடத்தில் என்ன பாகமோ அதுவே பெயர்.

"சொல்லுங்க ஃபாதர்."

"மேடம், வீட்ல இப்ப அம்மா இல்ல."

"எங்க போயிருக்காங்க?"

"தவறிட்டாங்க மேடம்."

தலைமையாசிரியை பாடப் புத்தகத்தை எடுத்து ஏழாம் பாடத்தைத் திறந்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தார். "இல்லையே. மதர் மேசைக்குப் பக்கத்துலதான் நிக்கிறாங்க. படமே போட்டிருக்கு பாருங்க. ஏப்ரன்கூடக் கட்டியிருக்காங்க."

"அது பாடத்துல மேடம். நான் சொல்றது எங்க வீட்ல."

"ஃபாதர், வாசிச்சுப் புரிஞ்சுக்கிறதுன்னா என்ன? கேள்விக்குப் பதில் பத்திக்குள்ளதான் இருக்கும். வெளிய தெரிஞ்சத உள்ள கொண்டுவரக் கூடாது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு இது தெரியும். நீங்க இப்ப அந்தத் தப்பத்தான் பண்றீங்க."

"எம் பொண்டாட்டி போய்ச்சேர்ந்தது தப்பா மேடம்?"

"சேச்சே, அப்படிச் சொல்வேனா? அது அவங்க சொந்த விஷயம். பள்ளிக்கூடம் யாரோட சொந்த விஷயத்துலயும் தலையிடாது. ஆனா மதர் பாகம் காலியா இருக்கக்கூடாது. பிள்ளையோட கூட்டு மதிப்பெண் ஏற்கெனவே விளிம்புல நிக்குது. கீழ எடம் வேற காலியா இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் குரலில் அன்பு இருந்தது. அதுதான் மெக்கானிக்கை அதிகம் பயமுறுத்தியது.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அண்ணன் வந்து சொன்னதும், "இதென்ன பிரமாதம், நாளெல்லாம் மைக்கு முன்னாடிதான உக்காந்திருக்கேன்" என்று மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். காது "தொடங்கலாம்" என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்றாகத் தூங்கினாயா கண்ணே என்பதை, பயணிகள் கவனத்துக்கு என்கிற தோரணையில் அறிவித்தாள். கடுகு "எஸ், மதர்" சொல்லவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு அத்தையைப் பார்த்தாள். பாலைக் குடி என்ற அறிவிப்பு இரண்டு தடவை வெளியானது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

"மதர் ஒன்று, சைல்ட் பூஜ்யம்."

"ஊர்ல ஓடுற பஸ்ஸெல்லாம் எம் பேச்சக் கேட்டுக் கெளம்புது. இவருக்கு ஒண்ணா?" என்று அத்தை கொதித்தாள். அப்புறம் கடுகின் முகத்தைப் பார்த்ததும் தணிந்துபோனாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "அண்ணே, எனக்கு இது ஆகாது. அந்த எடத்துல நான் உக்கார மாட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த நாள் காலை மேசையில் இரண்டே பேர். காது தொடங்கலாம் என்றது. முதல் வசனம் அம்மாவுடையது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அதுவும் நின்றது. வீடு அப்படி அமைதியாக இருந்து மெக்கானிக் கேட்டதே இல்லை. கடுகு காலி நாற்காலி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"எஸ், மதர்."

மறுபடி ஓர் இடைவெளி. மறுபடி "எஸ், மதர்." தன் முறை வந்தபோது மெக்கானிக், வானம் தெளிவாக இருக்கிறது என்றார். குடைக்கு ஓர் இடைவெளி வந்தது. அது மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக இருந்தது, புத்தகத்திலும் அந்த வசனம் நீளம்தான்.

"ஃபாதர் மூன்று" என்றது காது. "சைல்ட் பத்து. மதர்..." ஒரு கணம் தயங்கியது. "மதர் பத்து."

"சார்?"

"உச்சரிப்புப் பிழை இல்லை. இலக்கணப் பிழை இல்லை. பால் பொங்கவில்லை. முழு மதிப்பெண்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. மெக்கானிக் மனசறிந்து ஏமாற்றவில்லை. போய் உண்மையைச் சொல்லலாம் என்றால், சொல்லியாகிவிட்டது, பத்தியில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை கீழே இறங்காமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

ஆனால் அதுமட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். சில நாட்களில் அவர் அந்த இடைவெளிகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டார். மேசையில் மூன்றாவது கோப்பையை வைத்தார். அந்த மூன்று வசன நேரத்தில் மட்டும் அவள் வீட்டில் இருந்தாள். மீதி நாளெல்லாம் எந்த வீட்டு ஃப்ரிட்ஜின் பின்னால் குந்தியிருந்தாலும் அவர் மனம் அடுத்த காலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் குடை இடைவெளியின் நடுவில் கடுகு, "அப்பா, எம் பல்லு ஆடுது" என்றாள். அவர் மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்" என்றார்.

கடுகு பல்லைத் தொட்டிருந்த விரலை எடுத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் பள்ளியில் விஷயம் பெரிதாகிவிட்டது. எந்தத் தாயும் வாங்காத பத்தை ஒரு தாய் தினமும் வாங்குகிறாள். தலைமையாசிரியை பெற்றோர் கூட்டம் கூட்டினார்.

"ஒரு மதர் நமக்கு வழி காட்டியிருக்காங்க" என்று தொடங்கினார். "இத்தன காலமா நாம ஒரு தப்பு பண்ணிக்கிட்டு இருந்தோம். பிள்ளைங்க இங்கிலீஷ் பேசணும்னு நெனச்சோம். இல்ல. தப்பா பேசக்கூடாது, அவ்வளவுதான். பேசினாத்தான தப்பு வரும்? நுணலும் தன் வாயால் கெடும்னு நம்ம பெரியவங்களே சொல்லியிருக்காங்க. அந்த மதர் வாயத் தொறக்கறதில்ல. அவங்களுக்குள்ள இங்கிலீஷ் அப்படியே கறைபடாம இருக்கு."

மெக்கானிக்கின் எதிர்வீட்டுத் தையல்கார அக்கா கை தூக்கினாள். "மேடம், அவங்க செ..."

"கேள்வி இங்கிலீஷ்ல" என்றார் தலைமையாசிரியை. அக்கா கையைக் கீழே போட்டாள்.

அந்த அக்காவின் வாய் அந்தத் தெருவுக்கே ரேடியோ. மிதிக்கிற தையல் மெஷின் நின்றாலும் பேச்சு நிற்காது. அவளுக்கும் அந்தப் பள்ளியில் ஒரு மகள் இருந்தாள், மதிப்பெண் விளிம்பில். கூட்டத்துக்கு மறுநாள் காலை அவள் வாயை மூடினாள். பத்து விழுந்தது. அதற்கடுத்த நாள் அவள் புருஷனும் மூடினான். அவனுக்கும் பத்து. காலைப் பொழுதில் மெக்கானிக் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க வீடு வீடாகப் போன் அடித்து, பிறகு வரிசையாக அமைதி விழுவது கேட்டது. முதலில் உரையாடல் நேரத்துக்கு மட்டும் இருந்த அமைதி, பிறகு கை கழுவும்வரை நீண்டது, பிறகு பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்வரை. வாய் தவறி ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று மத்தியானத்திலும் பேசாமல் இருந்து பழகினார்கள். தையல் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளியின் தேர்ச்சி வானத்தைத் தொட்டது. வகுப்பறைகளில் ஆசிரியைகள் கரும்பலகையைக் காட்டினார்கள், பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். இப்போது கீழ் அறையின் ஒலி மேலே நன்றாகக் கேட்டது.

ஒரு காலையில் அம்மாவின் முதல் இடைவெளி முடிந்தது. கடுகின் "எஸ், மதர்" வரவில்லை. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்ததற்கும் வரவில்லை. அவர் தன் வானத்தைச் சொல்லி முடித்தார். காது சொன்னது: "சைல்ட் பத்து." இப்போது பேசினாலும் பத்து, பேசாவிட்டாலும் பத்து. அப்படியானால் எதற்குப் பேச வேண்டும்?

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவளிடம், "என்னம்மா பண்ணீங்க இன்னைக்கு?" என்றார். பதில் இல்லை. பசிக்கிறதா என்றால் தலையாட்டினாள். பல் விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள். பேசிப் பேசியே அம்மாவும் மகளும் அவர் உயிரை எடுத்த வீடு அது. "கொஞ்ச நேரம் சும்மா இருங்கடி" என்று எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறார். இப்போது அந்த வாரம் போய் அடுத்த வாரமும் வந்தது, பிள்ளை ஒரு சொல் பேசவில்லை. தூக்கத்தில்கூட உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். ஒருத்தியை அந்த நாற்காலிக்குக் கொடுத்தாயிற்று, இன்னொருத்தியும் அதே பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறாள் என்று மெக்கானிக்குத் தெரிந்துவிட்டது.

மறுபடி தலைமையாசிரியை முன்னால் போய் நின்றார். "மேடம், எம் பொண்ணு பேசவே மாட்டேங்குறா."

"வாழ்த்துகள்" என்றார் அவர்.

"மேடம், எங்கிட்டகூட. வீட்டு பாஷைலகூடப் பேசல."

"அதுலயும் பிழை பண்றதில்லையா!" தலைமையாசிரியையின் கண்கள் கலங்கிவிட்டன. "நல்லவேளை, நீங்களே வந்தீங்க. நானே ஆள் அனுப்பறதா இருந்தேன். ஆண்டு விழாவுல உங்க மதருக்குப் பதக்கம். தலைமைத் தேர்வாளர் நேர்ல வர்றார். மதரக் கண்டிப்பா கூட்டிக்கிட்டு வரணும்."

"அவங்க தவறிட்டாங்கன்னு சொன்னேனே மேடம்."

"அந்த அடக்கம்தான் ஃபாதர் அவங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே. சரி, வராட்டியும் பரவாயில்ல. நாற்காலி போட்டு வைக்கிறோம்."

விழா மண்டபத்தில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். நாற்காலிகள் கிரீச்சிட்டது தவிர வேறு சத்தம் இல்லை. மேடையில் தலைமைத் தேர்வாளர், தலைமையாசிரியை, நடுவில் ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் 'மதர்' என்று அட்டை தொங்கியது. தலைமைத் தேர்வாளர் உயரமான மனிதர். எழுந்து மைக்கைச் சரிசெய்துகொண்டார்.

"நான் போகாத பள்ளிக்கூடம் இல்ல. எங்க போனாலும் பிள்ளைங்க பேசுறாங்க. பேசுறதால தப்பு வருது. தப்பக் கேட்டுக் கேட்டு என் காதே புண்ணாப் போச்சு. இந்த மண்டபத்துல இப்ப ஒரு பிழைகூட இல்ல. கொஞ்சம் கேட்டுப் பாருங்க." எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். கீழிருந்து ஓர் ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. "அற்புதம்" என்றார் தேர்வாளர்.

பதக்கத்தைக் காலி நாற்காலியின் மேல் வைத்தார்கள். கைதட்டல் ஒழுங்காக எழுந்து ஒழுங்காக நின்றது. பிறகு கடுகை மேடைக்கு அழைத்தார்கள். அந்தத் தாயின் மகள், பேசாமலேயே வாசித்துப் புரிந்துகொள்ளும் முறையைச் செய்துகாட்டப் போகிறாள் என்று தலைமையாசிரியை அறிவித்தார். தேர்வாளர் ஏழாம் பாடத்தை உரக்கப் படித்தார். படித்து முடித்துக் குனிந்து கேட்டார். "வாட் டிட் த மதர் ஸே?" அம்மா என்ன சொன்னாள்?

கடுகு பேசவில்லை. தேர்வாளர் புன்னகையோடு மண்டபத்தைப் பார்த்தார். அமைதி நீண்டது. முன்வரிசையில் இருந்த மெக்கானிக் மகளின் தொண்டையைப் பார்த்தார். அது ஏறி இறங்கியது. அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். இத்தனை காலமும் அந்த இடைவெளியில் அவள் நாற்காலியைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்த்தது அவரை. இப்போதும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், விரல் உதட்டுக்குப் போகிறதா என்று.

அவர் எழுந்தார். "கடுகு" என்றார். "போதும், எறங்கி வாம்மா. அந்த நாற்காலில யாரும் இல்லம்மா."

"ஃபாதர், பிழை!" என்றார் தலைமையாசிரியை.

கடுகு வாயைத் திறந்தாள். நாள்பட மூடியிருந்த குரல் முதலில் காற்றாக வந்தது, பிறகு கரகரத்தது. "தெரியும்பா. அம்மா செத்துட்டாங்க."

அந்தச் சொல்லை அந்தப் பள்ளியில் முதல்முறையாக ஒருவர் முழுதாகச் சொல்லி முடித்தார்.

"நான் பேசினா அம்மா வர்ற நேரம் கெட்டுப்போயிடும்னு நீங்க அன்னைக்கு ஷ்ஷ்னு சொன்னீங்கள்ல. அதான் நான் பேசல. எங்கிட்ட அம்மா ஒண்ணும் சொல்லல அப்பா. ஒரு நாள்கூட ஒண்ணும் சொல்லல. நான் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா போன நாளிலிருந்து அவள் அழுது அன்றுதான் அவர் பார்த்தார். மேடைப் படியில் தடுக்கி, எழுந்து, போய் மகளை வாரித் தூக்கிக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன்டா கண்ணு. அப்பா பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

தலைமைத் தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "செத்துட்டாங்கன்னு பத்தியில இல்லையே" என்றார் தலைமையாசிரியையிடம். "பதில் வெளியிலேர்ந்து வந்திருக்கு. பூஜ்யம்."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தையல்கார அக்கா எழுந்து நின்றாள். "அடப்பாவிகளா, பச்சப்புள்ள அம்மாவத் தேடி அழுது, அதுக்கு மார்க்கு போடுறீங்களா?" என்றாள். அவ்வளவு நாள் அடைத்து வைத்த வாய் அது. ஒன்று சொன்னபின் ஒன்பது வந்தது. பக்கத்தில் இருந்தவளும் ஆரம்பித்தாள். பின்னால் ஒரு தகப்பன், கீழே இருக்கும் தன் பையனை உடனே மேலே கொண்டுவரச் சொல்லிக் கத்தினான். மண்டபம் சந்தைக்கடையாகிவிட்டது. தேர்வாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "பிழை, பிழை, பிழை" என்று ஒவ்வொரு திசையாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடு வரும்வரை கடுகு பேசிக்கொண்டே வந்தாள். பல் எப்படி விழுந்தது, அதை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள், கீழ் அறைக்குப் போகும் படிக்கட்டில் என்ன வாசனை அடிக்கும், அத்தை பால் குடிக்கச் சொன்னபோது தனக்கு எப்படிச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று தான் அவளிடம் கோபமாகப் பேசியது. இதைச் சொல்லும்போது நின்றுவிட்டாள். மெக்கானிக் தெருவிலேயே உட்கார்ந்து அவளை அழவிட்டு, தானும் அழுதுவிட்டு, அப்புறம் கூட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பள்ளிக்குப் போய், பிள்ளை இனி வராது என்று சொல்லிவிட்டு வந்தார். வேறொரு பள்ளியில் சேர்த்தார். அங்கே நாக்கைப் பார்க்கவில்லை, வயதைக் கேட்டார்கள். அந்த வாரம் ஒரு காலையில் இருவரும் மேசையில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். கடுகு வாயில் உணவை வைத்துக்கொண்டே ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

"எட்டாம் பாடம்" என்றது காது.

"சார், எம் பொண்ணு அங்க படிக்கல சார் இப்ப."

"தெரியும். சைல்ட் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. ஃபாதர் பெயரும். மதர் பெயர் இருக்கிறது. ஏழாம் பாடத்தில் தொடர்ந்து முழு மதிப்பெண். எட்டாம் பாடத்துக்கு உயர்த்தியிருக்கிறோம். மதர் தொடங்கலாம்."

மெக்கானிக்கால் போனை வைக்க முடியவில்லை. கடுகு நாற்காலியை விட்டு இறங்கி வந்து, முட்டை ஒட்டிய கையால் போனை வாங்கினாள்.

"சார், நான்தான் கடுகு."

"மதர் தொடங்கலாம்" என்றது காது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை சார். அப்பாவுக்கும் கேக்கல. உங்களுக்குத்தான் நல்லாக் கேக்கும்னு எல்லாரும் சொல்வாங்க" என்றாள். "நீங்க அப்படியே கேட்டுக்கிட்டு இருங்க சார். எங்கம்மா ஏதாவது சொன்னா, எங்களுக்குக் கொஞ்சம் சொல்றீங்களா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு ஒரு மனிதன் எச்சில் விழுங்கினான்.

"சொல்றேம்மா" என்றார் அவர். "கேட்டா சொல்றேன்."

கடுகு போனை மேசைமேல் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள். அவர்கள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைக்கும்வரை அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை.